பாட்டுக்குப் பின்னால் ஒரு மேடை



பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிறது. புத்தகப் பையை இறக்கி வைக்கும் முன்பே, ஆசிரியர் சொல்லிக் கொடுத்த ஆங்கிலப் பாட்டை முணுமுணுக்கிறது. நமக்கு வார்த்தை புரியாவிட்டாலும் மெட்டு பிடித்துவிடுகிறது. அடுப்படியில் நிற்கும் அம்மாவும் அந்த மெட்டுக்குத் தலையாட்டுகிறார்.

அப்படிப் பாடப்பட்டு வந்த பாடல்களில் சில, ‘ஓ சுசானா’, ‘ஸ்வானி நதி’ என்று எல்லாரும் அழைக்கும் ‘ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்’, ‘மை ஓல்ட் கென்டக்கி ஹோம்’ ஆகியவை. வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களோடு கடல் கடந்து வந்து, உலகத்துப் பள்ளிக்கூடங்களில் எல்லாம் ஒலித்தவை இவை.

இப்பாடல்கள் பிறந்த இடம் பள்ளிக்கூடம் அன்று. அமெரிக்க நாடகக் கொட்டகை. எழுதியவர் வெள்ளைக்காரர். மேடையேறிப் பாடியவர்களும் வெள்ளைக்காரர்களே. ஆனால் பாட்டுக்குள்ளே ‘நான்’ என்று பேசுகிறவன் மட்டும் வெள்ளைக்காரன் அல்லன். அவன் தோட்டத்து அடிமை. வெள்ளைக்காரர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, அந்த அடிமையாக நடித்துப் பாடிய பாட்டுகள் இவை. தோட்டத்து மக்களைப் பற்றித் தோட்டத்திற்கு வெளியே இருந்தவர்கள் கட்டிய பாட்டு என்பதால், இந்த வரலாற்றை நாம் அறிந்துகொள்வது பொருத்தம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் பாட்டன் பாட்டிமார் ஒப்பந்தத்தின் பேரிலும், கங்காணி மூலமாகவும் மலாயாவுக்கு வந்தவர்கள். அவர்கள் பட்ட பாடு பெரிது. ஆயினும் அவர்கள் சந்தையில் விலைக்கு விற்கப்பட்டவர்கள் அல்லர். அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தி, கரும்பு, புகையிலைத் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களோ, ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் சந்ததியாரும் ஆவர். தாயை ஒருவனுக்கும் பிள்ளையை வேறொருவனுக்கும் விற்றார்கள். 1860-ஆம் ஆண்டு எடுத்த கணக்கின்படி அந்நாட்டில் அடிமைகளாக இருந்தோர் ஏறத்தாழ 40 லட்சம் பேர். இரண்டு நிலையும் ஒன்றென்று சொல்வது சரியன்று. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரு பொதுவான சங்கதி உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

இனி மேடைக்கு வருவோம். தாமஸ் டி. ரைஸ் என்று ஒரு வெள்ளைக்கார நடிகர் இருந்தார். 1830-ஆம் ஆண்டை ஒட்டி, அவர் எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசி, கந்தல் உடை உடுத்தி, ‘ஜிம் குரோ’ என்ற பெயரில் ஒரு கறுப்பினத்தவனாக மேடையில் ஆடிப் பாடினார். குதிரை லாயத்தில் வேலை செய்த, கால் ஊனமுற்ற ஒரு கறுப்பினத்தவரின் ஆட்டத்தைப் பார்த்து அவர் அதைப் பிடித்துக்கொண்டார் என்று ஒரு கதை பலவிதமாகச் சொல்லப்படுகிறது. எப்படியாயினும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. 1832-இல் நியூயார்க்கிலும் 1836-இல் லண்டனிலும் அவருக்குப் பெரும் வரவேற்பு.

ஒருவர் செய்தது பிறகு ஒரு தொழிலாகவே ஆயிற்று. 1843-இல் நியூயார்க்கில் ‘விர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்’ என்ற நால்வர் குழு தோன்றியது. அதன்பின் ஊருக்கு ஊர் மின்ஸ்ட்ரல் குழுக்கள் முளைத்தன. ஆட்டக்காரர்கள் வரிசையாக நாற்காலிகளில் அமர்வார்கள். நடுவில் ஒருவர் கனவான் போலக் கேள்வி கேட்பார். இரு கோடியிலும் இரண்டு கோமாளிகள். ஒருவன் கையில் நம் கஞ்சிராவைப் போன்ற தம்பூரின். மற்றவன் கையில் எலும்புத் துண்டுகள். நாம் சிப்ளாக்கட்டை தட்டுவதுபோல் அவற்றைத் தட்டுவான். இன்னொருவர் பாஞ்சோ மீட்டுவார். இந்தப் பாஞ்சோ, ஆப்பிரிக்க மக்கள் தங்கள் நாட்டு வழக்கப்படி சுரைக்குடுக்கையில் தோலைக் கட்டிச் செய்த கருவியிலிருந்து வந்தது. கருவியையும் தாளத்தையும் ஆட்டத்தையும் அந்த மக்களிடமிருந்தே எடுத்துக்கொண்டு, அவர்களையே ஏளனம் செய்தார்கள்.

மேடையில் வந்த கறுப்பினத்தவன் எப்படிப்பட்டவன்? சோம்பேறி, மூடன், பேச்சுத் தெரியாதவன், திருடித் தின்பவன். ஆனால் எந்நேரமும் சிரித்துக்கொண்டும் பாடிக்கொண்டும் இருப்பவன். எஜமானனைப் பிரிந்தால் அழுபவன். தெற்கே வரும் நீராவிப் படகுகளையும் தோட்டங்களையும் நேரில் கண்டிராத வட பகுதி நகரத்து மக்கள் அதைப் பார்த்து, அடிமைகள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள் என்று நம்பினார்கள்.

கேலி என்பது நமக்குப் புதிதன்று. திருவிழாக் காலத்தில் தோட்டத்துக் கோயில் முன்னே கூத்து நடந்தால், கட்டியக்காரன் இல்லாமல் ஆட்டம் களை கட்டாது. ஆனால் நம் கட்டியக்காரன் யாரைக் கேலி செய்கிறான்? ராஜாவையே கேலி செய்கிறான். மந்திரியைக் கேலி செய்கிறான். கீழே நிற்பவன் மேலே இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. மின்ஸ்ட்ரல் மேடையில் நடந்தது இதற்கு நேர்மாறு. எதிர்த்துப் பேச வாயற்றவனை, அவனை ஆள்பவனின் இனத்தான் ஏளனம் செய்தான். இரண்டையும் சிரிப்பு என்ற ஒரே சொல்லால் அழைத்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

இந்த மேடைக்குப் பாட்டு எழுதியவர்களில் புகழ் பெற்றவர் ஸ்டீபன் ஃபாஸ்டர். 1826-இல் அமெரிக்காவின் வட பகுதியில், பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய ஊரில் பிறந்தவர். அவருடைய ‘ஓ சுசானா’ 1848-இல் அச்சாயிற்று. மறுவருடம் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்கள் அதைப் பாடிக்கொண்டே போனார்கள். இன்று பிள்ளைகள் பாடுவது காதலியைத் தேடிப்போகும் வேடிக்கைப் பாட்டு. ஆனால் முதலில் அச்சான பாட்டில் இன்னொரு சரணம் இருந்தது. மின்சாரம் பெருகிக் கறுப்பினத்தவர் ஐந்நூறு பேர் செத்தார்கள் என்று அதில் வரும். அவர்களைக் குறிக்க இழிசொல் ஒன்றும் வரும். ஐந்நூறு பேர் சாவது அங்கே சிரிப்புக்குரிய சங்கதி. பிற்காலத்துப் புத்தகங்கள் அந்தச் சரணத்தை ஓசைப்படாமல் எடுத்துவிட்டன. அதனால்தான் நமக்கு அது தெரியாமற் போயிற்று.

‘ஸ்வானி நதி’ப் பாட்டு 1851-இல் வந்தது. விட்டு வந்த பழைய தோட்டத்தையும் அங்குள்ள முதியோரையும் நினைத்து ஒரு கறுப்பினத்தவன் ஏங்குவதாக எழுதப்பட்டது. அந்தப் பாட்டில் வரும் நதியை ஃபாஸ்டர் பார்த்ததே இல்லை. முதலில் ‘பீடீ’ என்ற வேறொரு நதியின் பெயரைப் போட்டிருந்தார். ஓசை சரிவரவில்லை. பூகோளப் படப் புத்தகத்தைப் புரட்டியபோது, ஃபுளோரிடா வழியாக ஓடும் ‘சுவானி’ என்ற நதி கண்ணில் பட்டது. பெயரைச் சுருக்கி மெட்டில் உட்கார வைத்தார். அவ்வளவுதான். உலகமே உருகிக் கேட்ட ஊர் நினைவு, படப் புத்தகத்திலிருந்து எடுத்த ஊர் நினைவு.

வேடிக்கை அதோடு முடியவில்லை. இ. பி. கிறிஸ்டி என்பவர் புகழ்பெற்ற ஒரு மின்ஸ்ட்ரல் குழுவின் தலைவர். ஃபாஸ்டர் பணம் வாங்கிக்கொண்டு, பாட்டை எழுதியவர் என்று கிறிஸ்டியின் பெயரையே அச்சிட இசைந்தார். மறு வருடம் மனம் மாறித் தம் பெயரைப் போடக் கேட்டபோது கிறிஸ்டி மறுத்துவிட்டார். 1864-இல் நியூயார்க்கில், 37 வயதில் ஃபாஸ்டர் இறந்தபோது அவருடைய பணப்பையில் இருந்தது 38 காசு. அடிமையின் பெயரால் எழுதியவரின் பெயரையும் அந்தத் தொழில் விழுங்கிவிட்டது.

ஃபாஸ்டர் கொடியவர் என்று சொல்லி முடித்துவிட்டால் அது நியாயமாகாது. 1853-இல் அவர் எழுதிய ‘மை ஓல்ட் கென்டக்கி ஹோம்’ பாட்டுக்குத் தூண்டுதல், அடிமை முறையைக் கண்டித்து முந்திய வருடம் வெளிவந்த ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ என்ற நாவல். குடும்பத்தை விட்டுக் கரும்புத் தோட்டத்துக்கு விற்கப்படும் ஓர் அடிமையின் பிரிவுத் துயரமே அந்தப் பாட்டு. அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, அந்நாட்டின் பெரும் பேச்சாளராக உயர்ந்தவர் பிரெடரிக் டக்ளஸ். முகத்தில் கரி பூசி ஆடியவர்களை அவர் 1848-இல் மிகக் கடுமையாகச் சாடினார். ஆனாலும் இந்தக் கென்டக்கிப் பாட்டைப் போன்றவை கேட்பவர் மனத்தில் அடிமைகளிடம் இரக்கத்தை உண்டாக்குகின்றன என்று 1855-இல் ஒப்புக்கொண்டார். ஆகவே ஒரே மனிதரின் பேனாவிலிருந்து ஏளனமும் வந்தது, இரக்கமும் வந்தது. ஆனால் இரண்டிலும் அடிமையின் சொந்தக் குரல் வரவில்லை.

அந்தச் சொந்தக் குரலைப் பற்றி டக்ளஸ் சொன்னது நாம் மனத்தில் வைக்கவேண்டியது. 1845-இல் எழுதிய தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் விளக்குகிறார்: அடிமைகள் பாடுவதைக் கேட்டு, அவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று சிலர் முடிவு கட்டுவது பெரும் பிழை, துக்கம் மிகும்போதுதான் அடிமை அதிகமாகப் பாடுகிறான், அழுகை நெஞ்சின் பாரத்தைக் குறைப்பதுபோல் பாட்டும் குறைக்கிறது.

நேயர்களே, முன்னே பொதுவான சங்கதி ஒன்று உண்டு என்றோமே, அது இதுதான். பால்மரக் காட்டில் வேலை செய்த நம் பெண்கள் பாடினார்கள். லயத்து வீட்டில் தாலாட்டுக் கேட்டது. சாவு வீட்டில் ஒப்பாரி கேட்டது. மேட்டு பங்களாவில் இருந்தவர் காதில் அந்த ஓசை விழுந்திருக்கும். பொருள் விழுந்திருக்காது. தமிழ்த் தொழிலாளி அடக்கமானவன், சொன்னபடி கேட்பவன் என்றுதான் அக்காலத் தோட்ட முதலாளிகள் எழுதி வைத்தார்கள். ஒருவனுடைய பாட்டைக் கேட்டும் அவன் மனத்தை அறியாமல் இருக்க முடியும் என்பதற்கு நாம் அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை.

மேடைக் கேலியால் என்ன கெடுதல் வந்துவிடப்போகிறது என்று சிலர் கேட்கலாம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப்பின் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென் மாநிலங்கள் புதிய சட்டங்களைக் கொண்டு வந்தன. ரயிலில் கறுப்பினத்தவருக்குத் தனிப்பெட்டி, தனிப் பள்ளிக்கூடம், தனி உணவு மேசை, தனிக் குழாய். ஓட்டுரிமையும் பல வழிகளில் பறிக்கப்பட்டது. அந்தச் சட்டங்களை மக்கள் அழைத்த பெயர் ‘ஜிம் குரோ’ சட்டங்கள். ஆம், ரைஸ் என்ற நடிகர் கரி பூசி ஆடிய அந்தக் கோமாளியின் பெயரேதான். 1964, 1965 ஆண்டுகளில் வந்த குடியுரிமை, வாக்குரிமைச் சட்டங்கள்தாம் அவற்றுக்கு முடிவு கட்டின. இவனால் என்ன ஆகும், இவனுக்கு எதற்கு ஓட்டு என்ற எண்ணம் ஒருநாளில் வந்ததன்று. மூன்று தலைமுறைச் சிரிப்பு அதற்கு உரம் போட்டிருந்தது.

மேடையும் அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 1854-இல் ஜப்பானுக்குப் போன அமெரிக்கக் கடற்படையினர், ஜப்பானிய அதிகாரிகளுக்கு விருந்து வைத்து, கப்பலிலேயே கரி பூசி ஆடிக் காட்டினார்கள். 1860-களில் டேவ் கார்சன் என்ற மின்ஸ்ட்ரல் நடிகர் இந்தியாவுக்கு வந்து பம்பாயில் புகழ் பெற்றார். அவர் அங்கே நம்மவர்களையும் விடவில்லை. ஆங்கிலம் படித்த வங்காளிக் குமாஸ்தாவைக் கேலி செய்து அவர் போட்ட பாபு வேடம் பேர்போனது. ஆளை மாற்றினால் போதும்; அச்சு ஒன்றே.

இங்கே ஒரு சிறுவர் பாட்டையும் குறிப்பிட வேண்டும். பத்துச் சிறு இந்தியர்களை எண்ணும் ஆங்கிலப் பாட்டு அது. நம் பிள்ளைகள் அந்த இந்தியர் நாம்தான் என்று நினைத்துக்கொள்வதும் உண்டு. அது அமெரிக்கப் பழங்குடியினரைக் குறித்தது. 1868-இல் செப்டிமஸ் வின்னர் என்பவர் எழுதிய மேடைப் பாட்டில், பத்துப் பேரும் ஒருவர்பின் ஒருவராக இல்லாமற்போவதே வேடிக்கை. 1869-இல் லண்டனில் ஃபிராங்க் கிரீன் என்பவர் பழங்குடியினரை எடுத்துவிட்டுக் கறுப்பினத்தவரைப் போட்டு மின்ஸ்ட்ரல் மேடைக்கு எழுதினார். இன்று அது எண் கற்பிக்கும் பாட்டாகிவிட்டது.

கறுப்பின மக்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்களா? இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பினக் கலைஞர்களும் மேடை ஏறினார்கள். ஆனால் கூட்டம் கேட்டது பழைய கோமாளியைத்தான். ஆகவே இயற்கையிலேயே கறுத்த முகத்தின்மேல் அவர்களும் கரி பூசிக்கொள்ள நேர்ந்தது. வயிற்றுப்பாட்டுக்காக மனிதன் தன் முகத்தையே தனக்கு முகமூடியாக்கிக்கொண்ட கதை இது. ஜேம்ஸ் பிளாண்ட் என்ற கறுப்பினத்தவர், பழைய விர்ஜீனியாவுக்கு ஏங்கும் பாட்டு ஒன்றை 1878-இல் வெளியிட்டார். விர்ஜீனியா மாநிலம் 1940-இல் அதைத் தன் மாநிலப் பாட்டாக்கியது. எஜமானனை நினைத்து ஏங்கும் அதன் சொற்களுக்கு எதிர்ப்பு வலுத்ததால், 1997-இல் அந்தத் தகுதியிலிருந்து விலக்கியது.

வேறு வழியைத் தேடியவர்களும் இருந்தார்கள். விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகள் படிப்பதற்கென நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் என்ற கல்விநிலையம் இருந்தது. பணமில்லாமல் மூடும் நிலை. 1871-இல் மாணவர்கள் ஒன்பது பேர் பாடிப் பணம் திரட்டப் புறப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். கரி பூசவில்லை, கோமாளித்தனம் செய்யவில்லை. நல்ல உடை உடுத்தி, நேராக நின்று, தங்கள் தாய் தந்தையர் தோட்டத்தில் பாடிய பக்திப் பாடல்களைப் பாடினார்கள். ஜூபிலி பாடகர் என்று பெயர் பெற்ற அவர்கள், 1873-இல் விக்டோரியா மகாராணியின் முன்னிலையிலும் பாடினார்கள். அவர்கள் பாடிச் சேர்த்த பணத்தில் கல்விநிலையம் நிலைத்தது, கட்டடமும் எழுந்தது.

பாடகர் பால் ராப்சன் காட்டிய வழி இன்னொன்று. அவர் தந்தையார் அடிமையாகப் பிறந்து தப்பியவர். மிசிசிப்பி நதிக்கரையில் மூட்டை சுமக்கும் கறுப்பினத் தொழிலாளியின் பாட்டு ஒன்று, 1927-இல் வந்த ‘ஷோ போட்’ என்ற இசை நாடகத்தில் உண்டு. எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள். ராப்சன் அதை உலகமெங்கும் பாடினார். பாடப் பாட அவர் சொற்களை மாற்றினார். இழிசொல்லை நீக்கினார். வாழ்வில் சலிப்பும் சாவில் அச்சமும் கொண்டவனாகத் தொழிலாளியைக் காட்டிய இடத்தை, இறுதிவரை போராடுபவனாகக் காட்டும்படி திருத்தினார். மெட்டு அதே மெட்டு. பேசுகிறவன் வேறு மனிதன் ஆகிவிட்டான்.

இவ்வளவையும் சொன்னபின் ஒரு கேள்வி எழும். அப்படியானால் இந்தப் பாட்டுகளைப் பிள்ளைகள் பாடக்கூடாதா?

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். கென்டக்கி மாநிலம் 1928-லேயே ஃபாஸ்டரின் பாட்டை மாநிலப் பாட்டாக ஏற்றிருந்தது. 1986-இல் ஜப்பானிய மாணவர்கள் சிலர் அந்த மாநிலச் சட்டமன்றத்தைப் பார்க்க வந்தார்கள். மரியாதைக்காக அந்தப் பாட்டைப் பாடினார்கள். பழைய புத்தகத்தில் உள்ளபடியே, கறுப்பினத்தவரைத் தாழ்த்திக் குறிக்கும் சொல்லோடு பாடிவிட்டார்கள். பாவம், அவர்களுக்கு அது தெரியாது. அவையில் இருந்த கறுப்பின உறுப்பினர் கார்ல் ஹைன்ஸ் மனம் நொந்தார். அவர் சொல்லை மாற்றத் தீர்மானம் கொண்டுவந்தார். இழிசொல் இருந்த இடத்தில் ‘மக்கள்’ என்ற சொல் வந்தது. ஸ்வானி நதிப் பாட்டை 1935 முதல் மாநிலப் பாட்டாகக் கொண்டிருந்த ஃபுளோரிடாவும் 2008-இல் சொற்களைத் திருத்தியது.

அந்த மாணவர்கள் செய்ததில் குற்றமில்லை. அறியாமல் பாடினார்கள். அறிந்தபின்னும் அப்படியே பாடினால்தான் குற்றம். ஆகவே பாட்டைத் தீயிலிடவேண்டும் என்பது நம் கருத்தன்று. பாட்டோடு அதன் கதையையும் பிள்ளைக்குச் சொல்லவேண்டும் என்பதே நம் கருத்து. சொல்லை மட்டும் நீக்கிவிட்டுக் கதையை மறைத்துவிட்டால், காயத்தின்மேல் துணி போர்த்தியது போலாகும்.

பிள்ளைகள் எந்தப் பாட்டைக் கொண்டுவந்தாலும், தமிழ்ப் படப் பாட்டானாலும் சரி, ஆங்கிலப் பாட்டானாலும் சரி, மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம். இந்தப் பாட்டில் ‘நான்’ என்று பேசுகிறவர் யார்? உண்மையில் அதை எழுதியவர் யார்? சிரிப்பு வந்தால், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? கறுத்த நிறத்தையும், ஒருவர் பேசும் கொச்சையையும், ஒருவர் செய்யும் கூலி வேலையையும் காட்டிச் சிரிப்பு மூட்டும் காட்சிகள் நம் சொந்த மொழியிலும் உண்டு. அந்தச் சிரிப்பில் நாம் எத்தனை முறை சேர்ந்துகொண்டோம் என்றும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

மற்றொரு வேலையும் நம் வீட்டிலேயே இருக்கிறது. பல தோட்டங்கள் இன்று இல்லை. லயங்கள் இடிந்து, குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டன. ஆனால் பாட்டியின் வாயில் பாட்டு இன்னும் இருக்கலாம். பால் மரத்தைப் பற்றியும், கப்பல் ஏறியதைப் பற்றியும், கங்காணியைப் பற்றியும் அவர் இளமையில் கேட்ட பாட்டு அது. அதை மேடைக்காக யாரும் எழுதவில்லை. அதில் ‘நான்’ என்று பேசுகிறவர் உண்மையிலேயே அவர்தாம். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளையைப் பாட்டியின் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பாட்டையாவது நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நாம் எழுதி வைக்காவிட்டால், நம் கதையை வேறொருவர் தமக்கு ஏற்றபடி பாடிவிடுவார்.